பேசாத சொற்பொழிவு

தேர்வறைக் கண்காணிப்பு என்பது ஆசிரியர்க்கு விதிக்கப்பட்ட மௌன விரதம். மூன்று மணி நேரம் பேசக்கூடாது, படிக்கக்கூடாது, கைப்பேசியைத் தொடக்கூடாது. வரிசைகளுக்கிடையே நடக்கலாம், கூடுதல் தாள் கேட்டு உயரும் கைக்குத் தாளும் நூலும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சென்ற பருவத் தேர்வில் நமக்கு ஒதுக்கப்பட்ட அறை கணிதத் துறையுடையது. அங்கிருந்த கரும்பலகையின் மேல் மூலையில் யாரோ ஓர் எண்ணை எழுதி, சுற்றிலும் கட்டமிட்டு, ‘அழிக்க வேண்டா’ என்றும் குறித்திருந்தார்கள்.

147573952589676412927

இருபத்தோர் இலக்கங்கள். தமிழ் படித்த நமக்குப் பேரெண்கள் புதியவை அல்ல. நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பூவும் நீரும் எண்ணுப்பெயர்களாகிப் பரிபாடலில் வரும். ஐ, அம், பல் என முடியும் எண்ணுப்பெயர்களுக்குத் தொல்காப்பியர் புணர்ச்சி விதி வகுத்திருக்கிறார். தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டுத் தருவர். ஒரு தாமரைக்கு எத்தனை கோடி என்று வகுப்பில் யாரேனும் கேட்டுவிட்டால் மட்டும், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவது நம் வழக்கம்.

அந்த எண்ணை வாசித்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை எழுந்தது. கோடியால் வெட்டிப் பார்த்தோம். ஏழேழு இலக்கங்களாக மூன்று துண்டுகள் சரியாக விழுந்தன: 1475739, 5258967, 6412927. பதினான்கு இலட்சத்து எழுபத்தைந்தாயிரத்து எழுநூற்று முப்பத்தொன்பது கோடி கோடி என்று மனத்துக்குள் தொடங்கி, கடைசித் துண்டை முடிப்பதற்குள் அறையை ஒருமுறை சுற்றி வந்துவிட்டோம். எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில், இரண்டின் தலைமேல் ஓர் அறுபத்தேழு, அடுத்துக் கழித்தல் குறி, அடுத்து ஒன்று. 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு என்பது பொருள்.

மறுநாள் ஓய்வறையில் கணிதத் துறைப் பேராசிரியையிடம் அதுபற்றிக் கேட்டோம். “எங்க பிள்ளைங்க எழுதினதுங்க ஐயா. அது பகா எண்ணா இல்லையா, நீங்க சொல்லுங்க பார்ப்போம்” என்றார். ஏழில் முடிகிறது, ஆகவே இரண்டாலும் ஐந்தாலும் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 109. ஆகவே மூன்றாலும் வகுபடாது. நம் கணிதம் அவ்வளவோடு தீர்ந்தது. பகா எண் போலத்தான் தெரிகிறது என்றோம். “மெர்சென்னும் அப்படித்தான் சொன்னார்” என்று சிரித்தார்.

அன்று அவர் சொன்னதையும், பிறகு நாம் தேடிப் படித்ததையும், இரண்டுக்கும் தொடர்பில்லாததுபோல் தோன்றக்கூடிய நம் சொந்தக் கதை ஒன்றையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறோம்.

சதுரங்கப் பலகைக் கதை எல்லோரும் கேட்டதே. முதற்கட்டத்தில் ஒரு தானிய மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால், அறுபத்துநான்கு கட்டங்களுக்கும் சேர்த்து வேண்டிய மணிகள் 2-இன் 64-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. பலகையில் இன்னும் மூன்று கட்டங்கள் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய கூட்டுத்தொகைதான் நம் எண். நொடிக்கு ஒன்றாக எண்ணத் தொடங்கினால் முடிக்க நாலரை இலட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பேரண்டத்தின் வயதே ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள்தாம். சுழியும் ஒன்றும் மட்டுமே உள்ள கணினி முறையில் எழுதினால் அறுபத்தேழு ஒன்றுகள் வரிசையாக நிற்கும்; இடையில் சுழி ஒன்றுகூட இராது.

இரண்டின் அடுக்கில் ஒன்றைக் குறைத்துக் கிடைக்கும் எண்கள்மேல் கணித அறிஞர்களுக்கு யூக்ளிட் காலத்திலிருந்தே ஈர்ப்பு உண்டு. 2, 3, 5, 7 என்ற பகா எண்களை அடுக்காக வைத்தால் முறையே 3, 7, 31, 127 கிடைக்கின்றன. நான்குமே பகா எண்கள். அடுக்கு பகா எண்ணானால் விடையும் பகா எண் என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் அடுத்த அடுக்காகிய பதினொன்றிலேயே அந்த நம்பிக்கை உடைந்துவிடும். அங்கே கிடைப்பது 2047; அது 23-ஐ 89-ஆல் பெருக்கினால் வருவது. ஆக, எந்த அடுக்குகள் பகா எண்ணைத் தரும், எவை தாரா என்பதே கேள்வி.

பாரிசில் வாழ்ந்த மாரன் மெர்சென் என்ற துறவி 1644-இல் வெளியிட்ட நூலொன்றில் இதற்கு விடை சொன்னார். 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே பகா எண்ணைத் தரும் என்பது அவர் கூற்று. எப்படிக் கண்டார் என்பதற்கு அங்கே நிறுவல் இல்லை. பதினைந்து, இருபது இலக்க எண் ஒன்று பகா எண்தானா என்று சோதிக்கக் காலம் முழுவதும் போதாது என்று அவரே ஒப்புக்கொண்டும் இருக்கிறார். எனினும் பட்டியல் நின்றது. ஐரோப்பிய அறிஞர் பலரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர் மெர்சென். அவர் சொன்னால் ஏதேனும் காரணம் இருக்கும் என்றே எண்ணியிருப்பார்கள் போலும். 31-ஐ அடுக்காகக் கொண்ட எண் பகா எண்ணே என்று 1772-இல் ஆய்லர் நிறுவியபோது அந்த மதிப்பு மேலும் உயர்ந்திருக்கும். பட்டியல் முழுமையாகச் சரிபார்க்கப்பட்டு முடிந்தது 1947-இல். அதில் ஐந்து பிழைகள் இருந்தன. 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டிருந்தன; 67, 257 ஆகிய இரண்டும் தவறாக இடம்பெற்றிருந்தன. 61 என்று இருக்க வேண்டியதே அச்சில் 67 ஆகிவிட்டது என்று கருதுவோரும் உண்டு. சுவடிகளோடு பழகிய நாம் அதைப் பாடபேதம் என்போம். இச்சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னால் வரும்.

67-ஐப் பற்றிய முதல் வெடிப்பு 1876-இல் நேர்ந்தது. பிரெஞ்சுக் கணித அறிஞர் எட்வர்ட் லூக்காஸ், அது பகு எண்ணே என்று காட்டினார். ஆனால் எதனால் வகுபடும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. இதைக் கேட்டதும் நமக்குத் தலை சுற்றியது. ஒரு கலம் விரிசல் விட்டிருக்கிறது என்று அறிந்து, விரிசல் எங்கே என்று அறியாதிருப்பது எப்படி? பேராசிரியை ஒரு தாளை எடுத்துச் செய்து காட்டினார். லூக்காஸின் முறையை 1930-களில் லேமர் என்பவர் எளிமையாக்கிய வடிவம் அது. நான்கில் தொடங்க வேண்டும். அதை அதனாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மீதியை மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவைகள் இப்படிச் செய்தபின் மீதி சுழியானால் அது பகா எண். வேறு எதுவானாலும் பகு எண்.

31-க்கு அடுக்கு ஐந்து. ஆகவே மூன்று தடவைகள். 14, 8, 0. சுழி வந்துவிட்டது. 2047-க்கு அடுக்கு பதினொன்று, ஒன்பது தடவைகள். அதை நம்மையே போடச் சொன்னார். 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. சுழி வரவில்லை, ஆகவே 2047 பகு எண். ஆனால் 1736 என்ற அந்த மீதியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் 23-உம் தெரியாது, 89-உம் தெரியாது. பிழை உண்டு என்பதுவரை அது சாட்சி சொல்லும்; பிழையைச் சுட்டிக் காட்டாது.

சுட்டிக் காட்டுவதற்கு மேலும் இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. 1903 அக்டோபர் மாதக் கடைசி நாளில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகம் கூடியது. கழகத்தின் செயலாளரும் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியருமான ஃப்ராங்க் நெல்சன் கோல், பேரெண்களைக் காரணிப்படுத்துவது பற்றி ஒரு கட்டுரை படிப்பதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அன்று நடந்ததைப் பல்லாண்டு கழித்து எரிக் டெம்பிள் பெல் என்ற கணித அறிஞர் எழுதியிருக்கிறார். கதையைச் சற்று மெருகேற்றிச் சொல்பவர் என்று பெயரெடுத்தவர் பெல்; அந்த எச்சரிக்கையோடுதான் நாம் படிக்க வேண்டும். பெல் சொல்வது இது: கோல் எழுந்தார். கரும்பலகைக்குப் போனார். இரண்டை அறுபத்தேழு முறை பெருக்கிவரும் விடையை எழுதி, அதிலிருந்து ஒன்றைக் கழித்தார். பிறகு பலகையின் வெற்றிடத்துக்கு நகர்ந்து, 193707721, 761838257287 என்ற இரண்டு எண்களை எழுதி, பள்ளிப் பிள்ளை போல வரிசை வரிசையாகப் பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றாயின. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுப் போய் அமர்ந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. அவை கைதட்டியது. யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இந்தக் காரணிகளைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று பெல் பின்னர் கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல். எண்ணிப் பார்த்தால் சுமார் நூற்று ஐம்பத்தாறு ஞாயிறுகள். நம் எண்ணை வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும் 134-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். அந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் போனால் 193707721 என்பது 1445580-ஆம் படியில் நிற்கிறது. எட்டால் வகுத்தால் மீதி ஒன்றோ ஏழோ வர வேண்டும் என்ற இன்னொரு விதியால் பாதிப் படிகளைத் தள்ளிவிடலாம். தள்ளினாலும் ஏழு இலட்சத்துக்கு மேல் எஞ்சும். அவற்றை நூற்று ஐம்பத்தாறு ஞாயிறுகளில் ஒரு மனிதர் தாளில் வகுத்துப் பார்த்திருக்க இயலாது. வர்க்க எண்களின் மீதிகளை ஆராய்ந்து, எங்கெல்லாம் காரணி இருக்க முடியாது என்று வளைத்து வளைத்து வந்தே அவர் அந்த இடத்தை அடைந்தார். அந்த உழைப்பில் எதையும் அவர் பலகையில் எழுதவில்லை என்கிறது பெல்லின் கதை. எழுதியது பெருக்கலை மட்டுமே.

அந்தப் பெருக்கலையாவது நாம் செய்து பார்ப்போமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். பன்னிரண்டு இலக்க எண்ணை மேலேயும் ஒன்பது இலக்க எண்ணைக் கீழேயும் எழுதினோம். கீழெண்ணில் ஏழு மூன்று முறை வருவதால் ஏழாம் வாய்பாட்டு வரிசையை ஒருமுறை போட்டாற் போதும்: 5332867801009. நம் கெட்டிக்காரத்தனத்தை நாமே மெச்சிக்கொண்டோம். முடித்ததும் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் பழைய சோதனையைச் செய்தோம். கீழெண்ணின் கூட்டுத்தொகை 37. அது 10 ஆகி, 1 ஆகும். மேலெண்ணின் கூட்டுத்தொகை 64. அதுவும் 10 ஆகி, 1 ஆகும். ஆகவே விடையும் 1-இல் வந்து நிற்க வேண்டும். நின்றது. மகிழ்ச்சியோடு இலக்கங்களை எண்ணினால் இருபதுதான் இருந்தன. இருபத்தொன்று இருக்க வேண்டும்.

பிழையைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. 193707721-இன் நடுவில் ஒரு சுழி இருக்கிறது. சுழியால் பெருக்க என்ன இருக்கிறது என்று அந்த வரிசையைத் தாண்டியவர்கள், அடுத்த வரிசையை ஓரிடம் கூடுதலாகத் தள்ளி எழுத மறந்துபோனோம். அதன்பின் வந்த எல்லா வரிசைகளும் ஓரிடம் பிசகிவிட்டன. இடம் பிசகினாலும் இலக்கங்களின் கூட்டுத்தொகைச் சோதனை மாறாது. நாம் நம்பிய சாட்சிக்கு இந்தப் பிழையைப் பார்க்கும் கண் இல்லை. வேறு தாளில் மீண்டும் போட்டோம். 147573952589676412927 வந்தது. அந்தத் தாளை மடித்துப் பத்திரப்படுத்தியிருக்கிறோம்.

இனி நம் கதை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. பணியில் சேர்ந்த நாள் முதல் ஒன்பது ஆண்டுகளாக நெய்தல் திணைப் பாடல் ஒன்றை நாம் நடத்தி வந்தோம். அதில் அலை வந்து மோதுவது கரையில். நம் குறிப்பேட்டில், எந்தத் துணைநூலிலிருந்து படியெடுத்தோமோ, அது ‘கறை’ என்றிருந்தது. அலை கறையில் எப்படி மோதும் என்று நாம் கேட்டுக்கொள்ளவே இல்லை. மாறாக, தலைவிமேல் விழுந்த பழியே கறை. ஊரார் தூற்றும் அலர் அலையாக வந்து வந்து அக்கறையை மோதுகிறது என்று ஒரு விளக்கம் கட்டினோம். ஆண்டுதோறும் அது வளர்ந்தது. அந்த இடத்தில் வகுப்பு அசையாமல் கேட்கும். கருத்தரங்கு ஒன்றிலும் பேசிப் பாராட்டுப் பெற்றோம்.

அவ்வாண்டு வகுப்பில் சன்னலோரம் அமரும் மாணவி ஒருவர் இருந்தார். வாய் திறந்து பேசி நாம் கேட்டதில்லை. ஒரு மாலை துறை அறைக்கு வந்தார். நூலகத்திலிருந்து எடுத்த பழைய பதிப்பு ஒன்றையும் பிந்திய பதிப்பு ஒன்றையும் மேசைமேல் அருகருகே விரித்து வைத்தார். நம் குறிப்பின் நகலைப் பக்கத்தில் வைத்தார். மூன்றிலும் ஒரே சொல்லுக்கு அடியில் பென்சிலால் மெல்லிய கோடு. ஒன்றும் சொல்லாமல் நின்றார். இரண்டு நூல்களிலும் இடையின ரகரம். நம் தாளில் மட்டும் வல்லின றகரம். உரையும் கடற்கரையைப் பற்றியே பேசியது. ஒன்பது ஆண்டுகள் கட்டிய மாளிகை அந்த மேசைமேல் கிடந்தது.

நாம் சற்றும் தயங்கவில்லை. “இரண்டு பாடமும் உண்டம்மா” என்றோம்.

“சரிங்க ஐயா” என்று புத்தகங்களை மூடி எடுத்துக்கொண்டு போனார். எந்தப் பதிப்பில் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம்மிடம் விடை இல்லை. அப்படி ஒரு பாடபேதத்தை நாம் எங்கும் கண்டதில்லை. சுவடியோடு சுவடி ஒப்பிட்டுக் கண்கெட உழைத்தவர்கள் உண்டாக்கித் தந்த ஒரு சொல்லை, நம் மானத்தைக் காத்துக்கொள்ளப் போர்வையாக்கினோம். அடுத்த ஆண்டிலிருந்து ‘கரை’ என்றே நடத்தினோம். ஏன் மாற்றினோம் என்று யாரிடமும் சொல்லவில்லை. பிழை தன்போக்கில் செத்துவிடும் என்று நினைத்தோம்.

கோலின் கதையைக் கேட்ட இரவு நமக்கு நினைவு வந்தது அந்த மேசைதான். அங்கேயும் ஒருவர் ஒரு சொல்லும் பேசாமல் இரண்டை அருகருகே வைத்து, ஒப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டார். அவர் எத்தனை மாலைகள் நூலகத்தில் நின்றாரோ, எத்தனை பதிப்புகளைப் புரட்டினாரோ, மேசைமேல் வைத்தது முடிவை மட்டுமே. அங்கேயும் யாரும் கேள்வி கேட்கவில்லை. கைதட்ட வேண்டியவர் ஒருவர்தாம் இருந்தார்; அவர் பாடபேதம் பேசிக்கொண்டிருந்தார்.

இன்றைய கணினி நம் எண்ணைக் கண்மூடித் திறக்கும் நேரத்தில் பிளந்துவிடும். பேராசிரியை தம் மடிக்கணினியில் செய்தும் காட்டினார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மெர்சென் பகா எண்ணின் அடுக்கு 136279841. அந்த எண்ணுக்கு நான்கு கோடியே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். மெர்சென்னின் பட்டியலில் ஐந்து பிழைகள் இருந்தாலும் இவ்வெண்களுக்கு அவர் பெயரே நிலைத்திருக்கிறது. கேள்வியை உலகத்தின்முன் வைத்தவர் என்ற மரியாதை அது. தவறியவரைக் கணித உலகம் அவமதிக்கவில்லை என்று அறிந்தபோது, நாம் எதற்கு அஞ்சினோம் என்று நமக்கே விளங்கவில்லை.

இந்தப் பருவத்தில் அந்தப் பாடல் மீண்டும் வந்தது. ‘கரை’ என்று பலகையில் எழுதினோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். “ஐயா, கறைதானுங்களே? நோட்ஸ்ல அப்படித்தான் இருக்கு” என்றார். தாளைக் கொண்டுவரச் சொன்னோம். நகலின் நகலின் நகல். ஓரங்கள் கறுத்து, எழுத்துகள் தடித்துப்போயிருந்தன. கையெழுத்து நம்முடையது. கல்லூரிக்கு எதிரிலுள்ள ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிறதாம். மூத்த மாணவர்கள் சொல்லித்தான் வாங்குவார்களாம்.

பலகையில் ‘கறை’ என்றும் எழுதினோம். அந்தக் குறிப்பை எழுதியவர் நாமே என்றும், அது பாடபேதம் அன்று, பிழை என்றும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மாணவி அதைக் கண்டு கொண்டுவந்து காட்டியும் நாம் ஒப்புக்கொள்ளவில்லை என்றும் வகுப்பில் சொன்னோம். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாணவர்கள் ‘கறை’யை அடித்துவிட்டுக் ‘கரை’ என்று எழுதிக்கொண்டு அடுத்த வரிக்குக் காத்திருந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அந்த மாணவி இப்போது எங்கிருக்கிறார் என்று அறியோம். இதைப் படிக்க நேர்ந்தால், அன்று மேசைக்கு இப்புறம் இருந்தவர் தாமதமாகக் கைதட்டுகிறார் என்று கொள்வாராக.

மாலையில் அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் பழைய கோப்பு ஒன்றிலிருந்து மூலத்தாளை எடுத்துக் கொடுத்தார். சிவப்புப் பேனாவால் அந்தச் சொல்லை அடித்து மேலே திருத்தினோம். அவர் எட்டிப் பார்த்தார்.

“புதுசா எழுதிக் குடுத்துடுங்க சார். இப்படி அடிச்சா காப்பியில கறை மாதிரி விழும்” என்றார்.

விழட்டும் என்றோம்.